புதுக் கல் தேடுவதை ஒரு வருஷம் நிறுத்துவோமா? ஞாயிற்றுக்கிழமை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வாரமெல்லாம் பள்ளிக்கூடம், வங்கி, கடை, வயல் என்று உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே பைக்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு பழங்காலக் கல் தேடிக் கிளம்புகிற எல்லாருக்கும் இந்தக் கடிதம். திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கம் சுற்றுகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மதுரை, கோவை, புதுக்கோட்டைக்காரர்களும் படிக்கலாம், சண்டைக்கும் வரலாம். அரசுக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நான் கேட்கப்போவதைச் செய்ய அரசாணை வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம், நாம் மனது வைத்தால் போதும்.

கேட்பது இதுதான். வருகிற தை முதல் ஒரு வருஷத்துக்குப் புதுசாக எதையும் தேட வேண்டாம். நமக்கு முன்னால் போனவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போன பட்டியல்களை எடுத்துக்கொண்டு, அதிலிருக்கும் ஒவ்வொரு நடுகல்லும் (செத்த வீரனுக்கு நட்ட கல்), ஒவ்வொரு கற்திட்டையும் (கற்பலகைகளால் கட்டிய பழைய ஈமச்சின்னம்), ஒவ்வொரு பாறை ஓவியமும் இன்றைக்கு இருக்கிறதா, இருந்தால் எந்த நிலையில் இருக்கிறது என்று போய்ப் பார்த்து எழுதுவோம்.

முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். புதுக் கல் கிடைக்கிற அன்றைக்கு இருக்கிற குஷியே வேறு. முள்ளை விலக்கி, புல்லை ஒதுக்கிப் பார்க்கும்போது வில்லும் கையுமாய் ஓர் ஆள் நம்மைப் பார்த்து நிற்கிறானே, அந்தச் சிலிர்ப்புக்காகத்தானே இவ்வளவு தூரம் வருகிறோம். மறுநாள் பேப்பரில் நான்கு பேர் கல்லைச் சுற்றி நிற்கிற படம், ஆயிரம் ஆண்டு பழமையான நடுகல் என்று தலைப்பு, சொந்தக்காரர்கள் போன் போட்டு விசாரிப்பு. இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல நான் சாமியார் இல்லை. ஆனால் போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் பேப்பரில் வந்த கற்களில் எத்தனை இன்றைக்கு அதே இடத்தில் நிற்கின்றன என்று எந்தக் குழுவையாவது கேட்டுப் பாருங்கள். பதில் வராது. மறுபடி போனால்தானே தெரியும்.

நம்மைப் போன்ற ஆர்வலர்களிடம் மட்டும்தான் இந்தக் குறை என்று நினைக்க வேண்டாம். இந்திய அளவில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதாகப் பதிவாகியிருந்த சின்னங்கள் 3,693. அவற்றில் 50 காணாமல் போய்விட்டன என்று 2022 இறுதியில் மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னது. 14 சின்னங்களை நகரம் விழுங்கிவிட்டது, 12 அணைத் தண்ணீருக்குள் போய்விட்டன. மீதி 24? எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை! 1958-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை இவை, பெயர்ப்பலகையும் அபராத எச்சரிக்கையும் வைக்கப்பட வேண்டியவை. 2024-இல் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்தே நீக்க அறிவிப்பு வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். நகரமயம், அணை, அடர்ந்த காடு என்று அமைச்சகம் அடுக்கிய காரணங்களோடு, சரியான இருப்பிடம் தெரியவில்லை என்பதும் ஒரு காரணமாக இருந்தது. சட்டத்தின் பாதுகாப்பில் இருந்ததற்கே இந்தக் கதி என்றால், எந்தச் சட்டப் பட்டியலிலும் ஏறாமல் ஏரிக்கரையில் நிற்கிற, வேடியப்பன் என்று ஊர் கும்பிடுகிற நம் நடுகல்லை யார் கேட்கப் போகிறார்கள்?

நம்மிடம் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. ராபர்ட் சூவெல் 1882-இல் வெளியிட்ட சென்னை மாகாணத் தொல்பொருள் பட்டியலைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். மாவட்டம், தாலுகா, ஊர், தாலுகா தலைமையிடத்திலிருந்து இந்தத் திசையில் இத்தனை மைல், அங்கே இன்ன கோயில், இன்ன கல்வெட்டு என்று வரிசையாகப் போகும். ஊர் அலுவலர்கள் எழுதி அனுப்பியதை வைத்து எழுதிய இடங்களும் அதில் ஏராளம், அதனால் அப்படியே நம்பிவிட முடியாது, ஆனால் தொடங்க அது போதும். 1886-இல் ஹுல்ச் அரசுக் கல்வெட்டு ஆய்வாளராக வந்ததிலிருந்து வருஷா வருஷம் வந்த கல்வெட்டு அறிக்கைகள் இருக்கின்றன. நம் பகுதிக்கென்றே நாகசாமி இயக்குநராக இருந்தபோது மாநிலத் தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் தொகுப்பு இருக்கிறது. தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் கொண்டுவருகிற ஆவணம் இதழ்களில் ஊர் ஊராக எவ்வளவு கல்வெட்டுகள்! இவற்றையெல்லாம் நாம் என்ன செய்கிறோம்? ஒரு கல் கிடைத்த பிறகு, இது ஏற்கனவே பதிவானதா என்று பார்க்க மட்டும் புரட்டுகிறோம். சில பேர் அதையும் செய்வதில்லை, ஐம்பது வருஷம் முன்பு வாசித்து அச்சிட்ட கல்லே 'புதிய கண்டுபிடிப்பு' என்று திரும்பப் பேப்பரில் வருகிறது.

அந்தப் பட்டியல்களின் முகவரிகள் நம் கண்முன்னே செத்துக்கொண்டிருக்கின்றன என்பதுதான் எனக்குக் கவலை. பழைய அறிக்கையில் 'வட ஆர்க்காடு மாவட்டம், செங்கம் வட்டம்' என்று இருக்கும். 1989-இல் வட ஆர்க்காடு பிரிந்தது, பின்னால் செங்கம் வட்டத்திலிருந்து தண்டராம்பட்டு தனி வட்டமானது. சேலத்திலிருந்து 1965-இல் தர்மபுரி, தர்மபுரியிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி, வேலூரிலிருந்து 2019-இல் திருப்பத்தூர். ஊர் அதே ஊர்தான், ஆனால் ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்து வட்டத்தில் இரண்டு பட்டி இருந்தால் எந்தப் பட்டி என்று இன்றைக்கே தலையைப் பிய்த்துக்கொள்கிறோம். புல எண் போட்டிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டால், 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் மாறிவிட்டன. அதற்கும் கீழே இறங்கினால், 'ஊருக்கு வடக்கே ஏரிக்கரைப் புளியமரத்தடியில்', 'இன்னார் நிலத்தில்' என்று இருக்கும். புளியமரம் சாலையை அகலப்படுத்தும்போது போய்விட்டது. இன்னார் நிலம் மூன்று கை மாறி, இப்போது வண்ணக் கொடி கட்டிய மனைப் பிரிவாக இருக்கிறது.

1972-க்கு முந்தைய வருஷங்களில் செங்கம் தொகுப்புக்காகச் சுற்றிய துறை ஆட்களோடு கூடவே நடந்து, 'சார், இந்தப் பக்கம் இன்னொரு கல் இருக்குது' என்று வழி காட்டிய இருபது வயசுப் பையனுக்கு இன்றைக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். ஆடு மேய்த்தவர், பூசை போட்டவர், ஏர் ஓட்டும்போது கல்லைச் சுற்றி ஓட்டியவர், இவர்கள்தான் அந்தப் பட்டியலுக்கும் இன்றைய நிலத்துக்கும் நடுவில் மிச்சமிருக்கிற ஒரே பாலம். புதுக் கல் இன்னும் பத்து வருஷம் கழித்துக்கூடக் கிடைக்கும். இந்தப் பெரியவர்கள் கிடைக்கமாட்டார்கள். ஏன் இந்த வருஷமே என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது.

எடுத்தனூர் நடுகல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்துக் கல், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்கிற வீரன், பக்கத்தில் அவன் நாய். நாய்க்கும் பெயர் பொறித்திருக்கிறது, கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு எசமான் பக்கத்திலேயே காத்திருந்ததாம். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறதென்றால், யாரோ ஒருவர் அந்தக் கல்லைப் பார்த்து, படி எடுத்து, வாசித்து, அச்சில் ஏற்றியதால்தான். கோவிவன் அளவுக்குப் புகழ் கிடைக்காத, அதே செங்கம் தொகுப்பில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கிற கற்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? அவற்றில் எது நிற்கிறது, எது அருங்காட்சியகத்துக்குப் போயிற்று, எது வாய்க்கால் மதகுக்குப் படிக்கல்லாகப் போயிற்று என்று ஊர் வாரியாகச் சொல்ல நம் குழுக்களில் யாரால் முடியும்? தர்மபுரி அகழ்வைப்பகத்துக்குப் போன கற்கள் பத்திரமாக இருக்கின்றன, சந்தோஷம். ஆனால் அவை முன்பு நின்ற இடத்தில் என்ன மிச்சமிருக்கிறது, பக்கத்தில் ஈமக்காடு (பழங்கால இடுகாடு) இருந்ததா, பழைய வழித்தடம் எது என்று பார்க்க அந்த இடங்களுக்கும் போகத்தான் வேண்டும்.

பழையதைத் திரும்பப் பார்ப்பது சலிப்பான வேலை, அதில் என்ன கிடைத்துவிடப் போகிறது என்பவர்கள் மதுரைப் பக்கம் பாருங்கள். மாங்குளம் மலையில் எழுத்து இருப்பதை சூவெல் 1882-லேயே குறித்துவிட்டார். அது தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துக்காட்டும் வரை நாற்பது வருஷத்துக்கு மேல் அது எந்த மொழி என்பதே தெளிவாகவில்லை. அப்புறம் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 1960-களில் திரும்பப் போய்ப் படித்தபோதுதான் அதில் வரும் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயருக்கு இருக்கிற கனம் முழுசாகப் புரிந்தது. கல் ஒன்றுதான், மலை ஒன்றுதான், திரும்பத் திரும்ப ஏறியவர்களுக்கு ஒவ்வொரு முறையும் புதுசாக ஏதோ கிடைத்தது. பக்கத்திலேயே அரிட்டாபட்டியில், ஏற்கனவே தமிழிக் (தமிழ்-பிராமி என்கிற பழைய எழுத்து) கல்வெட்டு இருப்பதாகத் தெரிந்த மலையிலேயே, 2003-இல் இன்னொன்று தென்பட்டது. ஆகவே புதுசு வேண்டும் என்கிறவர்களும் பழைய இடத்துக்கே தாராளமாக வரலாம், ஏமாறமாட்டீர்கள்.

பெங்களூரில் நம்மைப் போன்றவர்கள் இதைச் செய்தே காட்டிவிட்டார்கள். லூயிஸ் ரைஸ் 1905-இல் அச்சிட்ட பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, ஐ.டி. கம்பெனி ஆட்களும் ஓய்வுபெற்றவர்களும் சேர்ந்து 2017 வாக்கில் ஒவ்வொரு கல்லாகத் தேடிப் போனார்கள். தொகுதியில் இருந்த பல கற்கள் அந்த ஊரின் கட்டடங்களுக்குள் போய்விட்டிருந்தன. மிச்சமிருந்ததைக் காப்பாற்ற அந்தப் பட்டியல்தான் உதவியது. இப்போது பெங்களூரின் வரலாற்று ஆய்வு அமைப்பான மிதிக் சொசைட்டி அவற்றை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து வைக்கிறது. அங்கே இருக்கும் கல்வெட்டுகளில் தமிழ்க் கல்வெட்டுகளும் நிறைய, தொம்மலூர் சொக்கநாதர் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். இந்தத் தேடலுக்கு நடுவில்தான் 2018-இல் ஹெப்பாளில் கிட்டய்யன் என்கிற வீரனின் எட்டாம் நூற்றாண்டு நடுகல்லும் வெளிச்சத்துக்கு வந்தது. பழையதைத் தேடப் போனவர்கள் புதுசோடும் வந்தார்கள்.

எதிர்வாதம் எனக்கும் தெரியும். 2006-இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் ஊர் ஊராகச் சுற்றியதால்தானே தமிழி எழுத்து பொறித்த நடுகற்கள் கிடைத்தன, ஆகோள் பூசலில் (மாடு கவரும் சண்டையில்) செத்தவன் பெயர் நமக்குத் தெரிந்தது, அவர்கள் அன்றைக்குப் பழைய பட்டியலோடு உட்கார்ந்திருந்தால்? நியாயமான கேள்வி. தேடுவதை அடியோடு விடச் சொல்லவில்லை. போகிற வழியில் எதிரே வந்து நிற்கிற கல்லைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போகவும் சொல்லவில்லை, அதையும் எழுதி வையுங்கள். கிளம்பும்போது கையில் ஒரு பட்டியல் இருக்கட்டும், திரும்பும்போது அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதில் இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, எப்படி எழுதுவது? இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் நம் குழுக்களின் பலவீனம் நடப்பதிலோ ஏறுவதிலோ இல்லை, எழுதுவதில்தான்.

நிலையைக் குறிக்கும்போது எல்லாரும் ஒரே சொற்களைப் பயன்படுத்துவோம். நிற்கிறது, சாய்ந்திருக்கிறது, உடைந்திருக்கிறது, இடம் மாற்றப்பட்டிருக்கிறது, பாதி புதைந்திருக்கிறது. இவற்றில் குழப்பம் வராது. குழப்பம் வருவது 'இல்லை' என்று எழுதும்போது. அது இரண்டு வகை. ஒன்று, இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்தோம், ஊரில் கேட்டோம், கல்லைப் பெயர்த்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். இன்னொன்று, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, ஊரில் யாருக்கும் தெரியவில்லை, நாம் திரும்பிவிட்டோம். முதலாவதைக் 'காணவில்லை' என்றும் இரண்டாவதை 'எட்ட முடியவில்லை' என்றும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், நாளைக்கு யாரும் அந்த ஊருக்கு இன்னொரு முறை போகமாட்டார்கள், உயிரோடு இருக்கிற கல்லுக்கு நாமே கருமாதி செய்ததாகிவிடும்.

இடத்தை மூன்று விதமாகக் குறியுங்கள். போனில் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, இன்றைய கிராமக் கணக்குப்படி புல எண், பத்து வருஷத்துக்கு மாறாத ஏதாவது ஓர் அடையாளத்திலிருந்து தூரம். போன் ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும், மரத்தடியிலும் பாறை இடுக்கிலும் இன்னும் மோசம், அதனால்தான் மற்ற இரண்டும். பழைய பட்டியலில் இருக்கும் முகவரியை அடிக்காமல் அப்படியே வைத்து, அதற்கு எதிரே புது முகவரியை எழுதுங்கள். ஊர் மக்கள் அந்தக் கல்லை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் விடாதீர்கள். வேடியப்பன், வீரன், பாண்டவர் வீடு, சன்னியாசிக் கல், எதுவானாலும். அடுத்து வருகிறவன் அந்த ஊரில் 'நடுகல் எங்கே இருக்கிறது' என்று கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், 'வேடியப்பன் எங்கே' என்றால் சின்னப் பையன்கூடக் கூட்டிப் போவான். அப்புறம், டீக்கடையில் ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிற பழக்கத்தை விடுங்கள். நூறு நாள் வேலைக்கு வரப்பும் கரையுமாய் நடக்கிற பெண்களுக்குத் தெரிந்த அளவு அந்த மண் வேறு யாருக்கும் தெரியாது. குழுவில் பெண்கள் இருந்தால் இந்த விசாரிப்பு எவ்வளவு சுலபமாக நடக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

படம். தயவுசெய்து வாட்ஸப்பில் படமாக அனுப்பிவிட்டு அதையே ஆவணம் என்று நம்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடுகிறது, படத்துக்குள் பதிவாகியிருந்த இருப்பிடத்தையும் நீக்கிவிடுகிறது. குழுவில் சுற்றும் எத்தனையோ நடுகல் படங்களுக்கு இன்றைக்கு ஊர் பெயரே கிடையாது. மூலக் கோப்பை இரண்டு இடத்தில் சேமித்து, கோப்புக்கு ஊர் பெயரும் தேதியும் போட்டு வையுங்கள். பழைய அறிக்கையில் படம் இருந்தால் அதை அச்செடுத்துக் கொண்டுபோய், அதே கோணத்தில் நின்று எடுங்கள். ஒரு வரி எழுத்துகூட இல்லாமலே ஐம்பது வருஷத்தில் என்ன ஆயிற்று என்று அந்த இரண்டு படமும் சொல்லிவிடும். அளவுகோல் வையுங்கள், கைக்குட்டையும் செருப்பும் அளவுகோல் இல்லை.

எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸால் தீட்டுவது, கோலமாவு தடவுவது, கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, பாறை ஓவியத்தின் மேல் நிறம் தூக்கலாகத் தெரியட்டும் என்று தண்ணீர் தெளிப்பது, இவை எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்துங்கள். மேகத்தோடு வரும் மழையே போதும் அந்த ஓவியங்களை அழிக்க, நாம் வேறு பாட்டிலோடு போக வேண்டாம். சாய்வான வெளிச்சம் போதும் எழுத்துக்கு. காலை ஏழு மணி வெயில், இல்லையென்றால் பொழுது சாய்ந்தபின் பக்கவாட்டில் பிடித்த டார்ச். மதியம் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றுகொண்டு எழுத்தே இல்லை என்று திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் ஏறிய கல்லைச் சுரண்டாதீர்கள். அது அவர்களுடைய சாமி. பூசாரியிடம் கேட்டால், என்றைக்குக் கழுவுவார்கள் என்று அவரே சொல்லுவார், அன்றைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். மைப்படி (கல்லின் மேல் தாளை ஒட்டி மை தொட்டு எடுக்கும் நகல்) எடுக்கத் தெரிந்தவர்கள் மட்டும் எடுக்கட்டும், மற்றவர்களுக்கு ஒன்றின்மேல் ஒன்று படியும்படி சுற்றிச் சுற்றி எடுத்த படங்களே போதும், அதை வைத்து முப்பரிமாண உருவம் செய்துகொடுக்க இப்போது ஆட்கள் இருக்கிறார்கள்.

கையில் எதையும் எடுத்து வராதீர்கள். ஓடு, மணி, இரும்புத் துண்டு, எதுவும். சிலர் வீட்டு ஷோகேஸில் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளை அடுக்கி வைத்திருப்பதைப் பெருமையாகப் படம் எடுத்துப் போடுகிறார்கள். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, மண்ணுக்குள் புதைந்து கிடைப்பது பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள், இடத்தை விட்டுப் பெயர்ந்த ஓட்டால் யாருக்கு என்ன பயன்? தேனடை இருக்கும் பாறைக்கடியில் சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எழுதியது எங்கே போக வேண்டும் என்பதில்தான் எனக்கும் குழுவில் சில நண்பர்களுக்கும் கருத்து வேறுபாடு. அவர்களுக்கு முதலில் பேப்பர், பிறகு மற்றதெல்லாம். எனக்கு முதலில் அந்த ஊர். ஒரு பக்கத்தில், தெளிவான தமிழில், படத்தோடு, புல எண்ணோடு ஓர் அறிக்கை எழுதி ஊராட்சித் தலைவரிடம் ஒன்று, கிராம நிர்வாக அலுவலரிடம் ஒன்று, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்று கொடுங்கள். மாநிலத் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். புது கிராம நிர்வாக அலுவலர் மாற்றலாகி வருவார், அவருக்கு அந்தக் கல் இருப்பதே தெரியாது. குவாரிக்கு விண்ணப்பம் வரும்போது, சுற்றியுள்ள முந்நூறு மீட்டருக்குள் என்னென்ன இருக்கின்றன என்று சான்று கேட்பது அவரிடம்தான். தெரியாததை அவர் எப்படி எழுதுவார்? ஏரியில் வண்டல் எடுக்க பொக்லைன் இறங்குவதும் பெரும்பாலும் இப்படித்தான், யாரும் கெட்ட எண்ணத்தோடு ஈமத்தாழிகளை (இறந்தவரை வைத்துப் புதைத்த பானைகளை) உடைப்பதில்லை, அங்கே தாழிகள் இருப்பதாக எந்தக் காகிதமும் சொல்லவில்லை, அதனால் உடைகிறது.

காகிதம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அரிட்டாபட்டியைச் சொல்லலாம். 2022-இல் அது தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பறவைகள், ஏரிகள் மட்டும் இல்லை, சமணப்படுக்கை, தமிழிக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரை எல்லாம் அந்த இடத்தின் பெருமையாகச் சொல்லப்பட்டன. 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தபோது, மேலூர்ப் பக்கத்து மக்கள் கிராமசபைத் தீர்மானங்களில் எழுத வேண்டியதைத் தேடி அலையவில்லை. எந்த மலை, அதில் எந்தக் கல்வெட்டு, எந்தக் கோயில் என்று கையில் இருந்தது. வருஷக்கணக்காக அங்கே மலையேறி, எழுதி, ஊர்க்காரர்களோடு பேசியவர்களின் உழைப்பு அது. மக்கள் திரண்டு நின்றதுதான் முதல் காரணம், சந்தேகமில்லை. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. நம் பக்கத்தில் நாளைக்கு அப்படி ஒன்று வந்தால், எந்தப் பெயரைச் சொல்லித் தீர்மானம் போடுவார்கள் நம் ஊர்க்காரர்கள்? கிராமசபைகள் வருஷத்துக்குப் பல முறை கூடுகின்றன, ஜனவரி 26-இல் தொடங்கி. அந்த ஒரு பக்கத்தைக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், 'நம்ம வேடியப்பனைப் பத்தியா?' என்று காது கொடுப்பார்கள்.

எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்து வைப்பதும் வேண்டாம். கல்வெட்டு, கோயில் அருகே பூசையில் இருக்கும் நடுகல், இவற்றின் இடத்தைச் சொல்வதில் ஆபத்து குறைவு, ஊரே காவல். காட்டுக்குள் இருக்கும் கற்திட்டையும் கல்வட்டமும் (ஈமக்குழியைச் சுற்றி வட்டமாக வைத்த கற்கள்) அப்படியில்லை. தங்கம் இருக்கும் என்று மூடுகல்லைப் புரட்டிப் போட்டுத் தோண்டுகிற கும்பல்கள் இருக்கின்றன, நம் வீடியோக்களை அவர்களும்தான் பார்க்கிறார்கள். 'இந்தக் கிராமத்திலிருந்து இந்த வழியாக இரண்டு கிலோமீட்டர்' என்று யூடியூபில் வழி சொல்வது அவர்களுக்கு விலாசம் எழுதிக் கொடுப்பதுதான். ஆகவே பொதுவில் ஊர் பெயர் வரை போதும், துல்லியமான இடம் துறைக்கும் ஊராட்சிக்கும் குழுவின் பதிவேட்டுக்கும் மட்டும். கேள்விப்பட்டு வந்து இடம் கேட்கிற புதியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், கொள்ளட்டும். கூட வா, நடந்து காட்டுகிறேன் என்று சொல்லுங்கள், உண்மையான ஆர்வம் இருப்பவர் வருவார்.

இதில் யாருக்கும் பெயர் கிடைக்காது என்ற பயம் சிலருக்கு. கிடைக்கும். ஒவ்வொரு பதிவிலும் போய்ப் பார்த்தவர் பெயர், தேதி, வழி காட்டிய ஊர்க்காரர் விரும்பினால் அவர் பெயர், முதலில் பதிவு செய்தவர் பெயர், நான்கும் இருக்கும். 1972 தொகுப்புக்காக அலைந்தவர்களின் பெயருக்குக் கீழே நம் பெயர் வருவதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

பழைய செங்கம் வட்டத்து ஊர்களின் பட்டியலை இன்றைய வட்டம், ஊராட்சி வாரியாகப் பிரித்து எழுதும் வேலையைத் தொடங்கிவிட்டேன், மார்கழிக்குள் முடிந்துவிடும். செங்கம் பக்கத்தை நானும் இங்கிருக்கும் நண்பர்களும் பார்த்துக்கொள்கிறோம். தண்டராம்பட்டுக்கு ஆள் வேண்டும். அரூர், ஊத்தங்கரைப் பக்கத்தை அந்தந்த ஊர்க்காரர்களே எடுத்துக்கொண்டால் நல்லது, நாங்கள் இங்கிருந்து வந்து இறங்குவதைவிட உங்கள் பேச்சு அங்கே எடுபடும். பழைய கல்வெட்டு அறிக்கைகளை ஆங்கிலத்தில் படித்து ஊர் பெயர்களைத் தமிழில் சரியாக எழுதித் தர இரண்டு பேர் வேண்டும், வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம், முட்டி வலிக்காரர்கள் கை தூக்குங்கள். மழை முடிந்து புல் காய்ந்திருக்கும் தை, மாசி, பங்குனிதான் நமக்கு நல்ல காலம், சித்திரை வெயிலில் யாரையும் பாறை ஏறக் கூப்பிடப் போவதில்லை. சில ஊர்களில் மாட்டுப் பொங்கலுக்குக் கல்லைக் கழுவிப் பூசை போடுகிறார்கள், உங்கள் பட்டியலில் அப்படி ஊர் இருந்தால் அன்றைக்கே போய்விடுங்கள், ஊரே கல்லைச் சுற்றி நிற்கும், விசாரிக்க வேண்டியவர்கள் எல்லாரையும் ஒரே இடத்தில் பிடித்துவிடலாம். மற்றவர்களுக்கு அடுத்து வரும் ஞாயிறு.

எந்த வட்டம் யாருக்கு என்று சீக்கிரம் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாதவர்களும் எழுதுங்கள், காரணத்தோடு.

அன்புடன்,
திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து உங்களோடு கல் தேடி அலையும் ஒருவன்